நிக்கானோரின் பளிங்குச் சிரிப்பு

“வாயை மூடிக்கிட்டே ஆள் பிடிக்க முடியாதா உன்னால?”

“வாயை மூடிக்கிட்டுப் பிடிச்சா அதுக்குப் பேரு கடத்தல், டாக்டரம்மா.”

“சரி, சிரிக்காமலாவது கூப்பிடலாம்ல?”

“சிரிக்காம ‘வாங்க, உங்க பல்லைக் கவனிச்சுக்கிறோம்’னு சொல்லிப் பாருங்க. போலீஸைக் கூப்பிடுவாங்க.”

டாக்டர் ஒஃபேலியா புஸ்தமாந்தே கையுறையைக் கழற்றிக் குப்பையில் எறிந்தாள். “நேத்து வந்த அம்மா உன் வாயைப் பாத்துட்டு, சிலுவை போட்டுக்கிட்டே ரெண்டு ரெண்டு படியா ஏறி வந்தா. படபடப்பு அடங்க நான் தண்ணி கொடுத்து உக்கார வைக்க வேண்டியதாப் போச்சு. எதிர்த்த வரிசைப் பல் டாக்டர் செப்பேதாவுக்குத் தினம் பத்துப் பேர். நமக்கு ஆறு. புனித வாரத்துக்குள்ள பத்து வரலைன்னா நீ வேற வேலை தேடிக்கோ, நிக்கானோர்.”

நிக்கானோர் பதினேழு வருஷமாக அவளுடைய பல் ஆஸ்பத்திரி மாடிப்படியின் கீழே ஆள் பிடிக்க நிற்கிறான். வீட்டில் எல்வீரா, இரண்டு பெண் பிள்ளைகள், இந்த ஒரு வேலை. மெக்சிகோவின் எல்லை ஊரான அல்கோதோனெஸில் தடுக்கி விழுந்தால் பல் டாக்டர் மேல்தான் விழ வேண்டும். பனிக்குப் பயந்து தெற்கே வந்த அமெரிக்கப் பென்ஷன்காரர்கள் எல்லை வேலிக்கு அப்பால் காரை நிறுத்திவிட்டு, மலிவு வைத்தியம் தேடி நடந்து வருவார்கள். அவர்களை மாத்திரைக் கடையும் தொப்பிக் கடையும் விழுங்குவதற்குள் மாடிக்கு ஏற்றிவிட வேண்டும். தெருவில் ஒரே சட்டம்: முழங்கையை முதலில் தொட்டவனுக்கே ஆள் சொந்தம்.

நிக்கானோரின் முன்பற்கள் ஆறும் ஆறு திசை பார்த்தன. நிறம் பழைய புளி. ஒன்று பீர் பாட்டில் திறக்கப் போய்ப் பாதியோடு நின்றுவிட்டது. பல் ஆஸ்பத்திரி வாசலிலேயே பிழைப்பு நடத்தியும் அவன் ஒரு நாளும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. மாடியில் நடப்பதன் சத்தம் கீழே நிற்பவனுக்குத்தானே நன்றாகக் கேட்கும்?

“உனக்கு வெனீர் போட்டுடலாம். இலவசம்,” என்றாள் டாக்டர். அந்தத் தெருவில் ‘இலவசம்’ என்ற சொல்லைக் கேட்டவர்கள் யாரும் முழுசாகத் திரும்பி வந்ததில்லை.

நாற்காலியில் சாய்த்துவிட்டு, ஞாயிறு பூசையில் பாதிரியார் போல நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: “பல்லு மேல மெல்லிசாப் பீங்கான் ஓடு. பத்துப் பதினஞ்சு வருஷம் நிக்கும். காபிக் கறை பிடிக்காது. பத்து வயசு குறையும். தன்னம்பிக்கை வரும்.” பிறகு மூச்சு விடாமல், “சொந்தப் பல்லை ராவணும் ராவினது திரும்ப வளராது சூடு குளிர் கூசலாம் சோளக்கதிர் கடிக்கக்கூடாது பாட்டில் திறக்கவே கூடாது ஓடு உடைஞ்சா மறுபடி போடணும் ஒருதரம் போட்டா சாகுறவரைக்கும் போட்டுக்கிட்டே இருக்கணும் இங்க கையெழுத்துப் போடு.”

“கடைசியில வேகமா என்னமோ சொன்னீங்களே?”

“கையெழுத்துப் போடுன்னு சொன்னேன்.”

நிறப் பட்டியலில் அவன் நடுவில் இருந்த ஒன்றைக் காட்டினான். “விளம்பரப் பலகையை யாராவது மங்கலா எழுதுவாங்களா?” என்று அவள் கடைசி வெள்ளையைத் தேர்ந்தெடுத்தாள். அதற்கு அப்புறம் பட்டியலில் வேறு நிறமே இல்லை. அதற்குமேல் வெள்ளை வேண்டுமென்றால் கழிப்பறைச் சாமான் கடைக்குத்தான் போக வேண்டும்.

பழைய பற்களின் அச்சை, புளி நிறம்கூடத் தீட்டி, நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். எல்வீரா அதை மிட்டாய் ஜாடி மேல் வைத்தாள். அன்றிலிருந்து பிள்ளைகள் ஜாடிப் பக்கமே போகவில்லை. சொல்லாமலே மூன்று வேளையும் பல் தேய்த்தன.

“பரவாயில்லையே, உன் பல்லு வெளிய வந்தப்புறம்தான் உருப்படியா ஒரு வேலை செய்யுது,” என்றாள் எல்வீரா, சோளக்கதிரைக் கடித்துக்கொண்டே. எதிரே அவன் கதிரைக் கத்தியால் சீவி, கரண்டியால் தின்றுகொண்டிருந்தான். “இருபது வருஷமா என்னைப் பாத்துச் சிரிக்காத மனுஷன், இனிமே தெருவுல போறவளுக்கெல்லாம் சிரிக்கப் போறான்.”

சிரித்தான். பலன்தான் வேறு மாதிரி இருந்தது.

“அடடா, என்ன அழகான பல்லு! எங்க போட்டீங்க?” என்று ஒரு தம்பதி நின்றார்கள்.

“இதோ, இந்த மாடியிலதான்!”

இருவரும் தங்கள் பற்களை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். “நம்ம பல்லு அப்படியொண்ணும் மோசமில்ல,” என்றார் கணவர். நேராகத் தொப்பிக் கடைக்குப் போனார்கள். அன்று மாடி ஏறியவர்கள் மூன்றே பேர்.

“ஆளுக்கு ஒரு கௌரவம் வேணும்,” என்று டாக்டர் தன் வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டாள். அரை மணியில் ஒரு கிழவர் நடுத்தெருவில் வாயைத் திறந்து, “இந்தக் கடைவாயைக் கொஞ்சம் பாருங்க டாக்டர்,” என்றார். அவருக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது. வரிசையின் கடைசியில் நின்றவர் நகராட்சி ஆய்வாளர். அவர் பல்லைக் காட்டவில்லை, பட்டத்தைக் காட்டச் சொன்னார். அன்று மாடிக்குப் போனது ஒருவர், அதுவும் ஆய்வாளர்தான்.

கோட்டைக் கழற்றி வைக்கோல் தொப்பியும் கட்டம் போட்ட சட்டையும் போட்டார்கள். திருப்தியடைந்த வாடிக்கையாளர் போல அவன் கூட்டத்தில் உலாவ வேண்டுமாம். பத்தடி உலாவுவதற்குள் செப்பேதாவின் ஆள் மேலித்தோன் முழங்கையைப் பிடித்தான். மேலித்தோனுக்கு முன்பல் நாலும் கிடையாது. சிரித்தால் கதவில்லாத வீடு.

“அமிகோ! வெனீர்? ரூட் கெனால்? உள்ள வாங்க!”

“டேய் மேலித்தோன், நான்தான்டா, நிக்கானோர்!”

“என் பேரு வரைக்கும் தெரியுதே! பழைய கஸ்டமரா நீங்க? அப்போ தள்ளுபடி உண்டு!”

தொட்டவனுக்கே சொந்தம். நிக்கானோர் தரதரவென்று இழுக்கப்பட்டு செப்பேதாவின் வரவேற்பறையில் நிறுத்தப்பட்டான். அங்கே உட்கார இடமில்லை. முன்பல்கூட இல்லாத ஒருத்தனை வைத்துக்கொண்டு எப்படி இத்தனை கூட்டம் என்று அவனுக்குப் புரியவில்லை. மரப்பு ஊசி நெருங்கும்வரை யோசித்துவிட்டு, ஜன்னல் வழியாக ஓடி வந்தான்.

சனிக்கிழமை ஒருவரும் வரவில்லை. டாக்டர் ஒஃபேலியா தானே கீழே இறங்கி வந்தாள்.

“திங்கக்கிழமை வர வேண்டாம்.”

“டாக்டரம்மா, நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன்? என் பல்லு...”

“பல்லைக் கழட்டி வெச்சுட்டுப் போன்னு சொல்லல. அதுக்கு நன்றி சொல்லு.”

அப்போது யாரோ நிக்கானோரின் முழங்கையைத் தொட்டார்கள். திரும்பினான். ஆர்லீன் அம்மா! ஒவ்வொரு பிப்ரவரியும் தவறாமல் வருபவள், பல்லைச் சுத்தம் செய்ய வந்து ஒரு பல்லாவது கட்டிக்கொண்டு போகிறவள். அவன் முகம் மலர்ந்து முப்பத்திரண்டையும் காட்டினான். அவள் அடையாளம் தெரியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.

“மன்னிக்கணும் தம்பி. இந்தப் படிக்கட்டுல ஒருத்தர் நிப்பாரே, புளி நிறப் பல்லுக்காரர்?”

டாக்டர் முந்திக்கொண்டாள். “கவலைப்படாதீங்க அம்மா. அந்த ஆளை மாத்தியாச்சு. இனிமே உங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல.”

“ஐயோ, மாத்திட்டீங்களா?” ஆர்லீன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “வருஷா வருஷம் அந்த மனுஷன் வாயைப் பாத்த பயத்துலதான் நான் இந்தப் படியே ஏறுவேன். இப்ப என் வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம், பல்லு நல்லாத்தான் இருக்குன்னு காரை விட்டு இறங்க மாட்டேங்கிறார். அந்தப் புளிப் பல்லுக்காரர் எங்க இருந்தாலும் தேடிப் பிடிச்சு, ஒரே ஒரு தடவை வந்து சிரிச்சுக் காட்டிட்டுப் போகச் சொல்றீங்களா?”