வேலி இடுக்கில் வந்த அந்நிய விலங்கு

நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன் பொய் சொல்ல மாட்டான். இதை நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் அவன் அசடனாக இருக்க மாட்டான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. அதற்கு என் கையெழுத்திலேயே ஆதாரம் இருக்கிறது.

எழுந்த நேரம், காபி குடித்த நேரம், திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்பது வரை குறித்துவைப்பவன் நான். (என் கல்யாணத்தில் தாலி கட்டிய நேரம் நிமிடச் சுத்தமாக இருக்கிறது. மனைவி சரசு கட்டியிருந்த புடவையின் நிறம் இல்லை. அந்த வழக்கு இன்னும் நிலுவையில் உள்ளது.)

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், திருமயம் பக்கத்துக் காப்புக்காடு ஒன்றில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். அங்கே வனவராக இருந்த தமிழ்ச்செல்விக்கு ஆள்காட்டிக் குருவிகளைப் பற்றியே கவலை. அவை வெறும் தரையில் முட்டையிடுகிறவை. ஊரில் வேண்டாமென்று கொண்டுவந்து விடப்பட்ட நாய்கள் காட்டுக்குள் கூட்டமாகத் திரிந்து முட்டை, குஞ்சு, முயல் என்று ஒன்றையும் மிச்சம் வைப்பதில்லை. நாய்களைக் கூண்டு வைத்துப் பிடித்து வெளியேற்ற வேண்டும், வேலியைச் சரிசெய்ய வேண்டும் என்று அவர் எழுதிய கோப்பை மேலதிகாரி இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். நாய்தான் காரணம் என்பதற்கும், வேலியில் வழி இருக்கிறது என்பதற்கும் ஆதாரம் கேட்டார். பங்குனி பிறந்தால் முட்டையிடும் காலம் தொடங்கிவிடும்.

"சார், நீங்கதான் எல்லாத்தையும் நேரங்காலத்தோட எழுதுறவங்க. கேமராவ நீங்க பாத்துக்கிறீங்களா?" என்றார் தமிழ்ச்செல்வி.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எதிரே ஏதாவது அசைந்தால் தானாகப் படமெடுக்கும் கேமரா அது. வேலியோரம் ஒரு மரத்தில் முழங்கால் உயரத்துக்கு அதைக் கட்டி, தேதியையும் நேரத்தையும் என் கைக்கடிகாரத்தைப் பார்த்து நானே பதித்தேன்.

ஒரு வாரம் கழித்துப் படங்களைப் பார்த்தால், மயில், மயில், காற்றில் ஆடும் இலை, மறுபடியும் மயில். ஒரு படத்தில் ஒரு வால் மட்டும் இருந்தது. எந்தப் பிராணியின் வால் என்று அந்த வாலுக்கே தெரியாது. ஆனால் அதற்கு அடுத்த படம் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டது.

அதிகாலை ஆறு பத்து. கறுப்பு வெள்ளையில் ஒரு பெரிய உருவம் நான்கு காலில் வந்துகொண்டிருந்தது. தலை கீழே தொங்குகிறது. முதுகு மேடு. கழுத்துக்கடியில் வெளிறிப்போன ஒரு தொங்குசதை.

வனக்காவலர் கருப்பையா எட்டிப் பார்த்தார். "சார், ஆளு மாதிரில்ல இருக்கு?"

"கருப்பையா, ஆறு பத்துக்கு எந்த ஆளு காட்டுல தவழுவான்? நான்கூட அந்நேரம் வீட்டுல காபி குடிச்சுக்கிட்டு இருந்தேன். இங்க பாருங்க, எழுதியிருக்கேன்."

நாட்குறிப்பைப் பார்த்ததும் அவர் வாயை மூடிக்கொண்டார். (அவர் வாயைத் திறந்தே வைத்திருந்திருக்கலாம்.)

இரண்டு நாள் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். தலைப்பு: 'காப்புக்காட்டில் அடையாளம் தெரியாத அந்நியப் பாலூட்டி'. தொங்குசதைக்கு மட்டுமே ஒரு பக்கம். கொழுப்பைச் சேமிக்கும் உறுப்பாக இருக்கலாம் என்று அடைப்புக்குறிக்குள் ஊகமும் சேர்த்தேன்.

மேலதிகாரி வந்த அன்று தமிழ்ச்செல்வி விரல்களைப் பிசைந்துகொண்டே நின்றார். இந்த முறையும் கோப்பு திரும்பினால் அந்த வருடக் குஞ்சுகள் நாய்களுக்குத்தான். நானோ அந்தப் படம் போட்டிருந்த திரைக்குப் பக்கத்தில் மாப்பிள்ளைத் தோரணையில் நின்று, அறிக்கையை முழுவதுமாகப் படித்தேன். அதிகாரி குறுக்கே பேசவில்லை. கடைசியில், "அந்தத் தொங்குசதையக் கொஞ்சம் பெருசாக்குங்க" என்றார்.

பெரிதாக்கினார்கள். தொங்குசதையில் எழுத்து தெரிந்தது.

"'இல்லத் திருமண விழா'ன்னு போட்டிருக்குங்களே" என்றார் அதிகாரி, அமைதியாக.

என் மகள் கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பை. முந்நூறு பை மிஞ்சிப்போனதால் எங்கே போனாலும் அதைத்தான் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவேன்.

"சார், அன்னிக்கு சாயந்திரம் என்ன எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார் கருப்பையா. குரலில் அத்தனை பணிவு.

நாட்குறிப்பில் அதே பக்கத்தின் அடியில், என் அழகான கையெழுத்தில் இருந்தது: 'மாலை 6.10. கேமரா சரிபார்ப்பு.' கேமராவில் நிமிடச் சுத்தமாக நேரம் வைத்தவன் முற்பகலா பிற்பகலா என்பதை மட்டும் மாற்றி வைத்திருந்தேன்.

"கேட்டு வழியா வந்து கையெழுத்துப் போடணும்னு சொல்லியிருந்தேனே சார். எங்கிட்டு வழியா வந்தீங்க?" என்றார் தமிழ்ச்செல்வி. அழுகிற நிலைமையில் இருந்தார்.

"பொன்னமராவதி பஸ்ஸ விட்டு எறங்கினா கேட்டுக்குச் சுத்திப் போகணுங்க. அங்கிட்டு வேலிக்கு அடியில ஒரு சந்து இருக்கு. குனிஞ்சா வந்துரலாம்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரைக்கு அருகே போனார். என் உள்ளங்கைக்குப் பக்கத்தில் மண்ணைச் சுட்டிக்காட்டினார். புதிதும் பழசுமாக ஏகப்பட்ட நாய்க்காலடிகள், எல்லாம் அந்தச் சந்திலிருந்து உள்ளே வருகிறவை.

பிறகு என்னைத் தலையிலிருந்து வயிறு வரை ஒருமுறை பார்த்தார். வயிற்றில் அவர் பார்வை கொஞ்சம் அதிக நேரம் நின்றது.

"ஏம்மா, இவரே நுழையுறாருன்னா நாய்க்கு என்ன கஷ்டம்? இந்த வாரமே வேலிய அடைங்க. கூண்டுக்கும் கையெழுத்துப் போட்டுர்றேன்."

தமிழ்ச்செல்வி எனக்கு இரண்டு கையாலும் கும்பிடு போட்டார். அது நன்றியா, இனிமேல் வராதீர்கள் என்பதா என்று இன்றுவரை குறித்துவைக்க முடியவில்லை. வேலி அடைபட்டது. நாய்கள் கூண்டில் ஏறிக் கருத்தடைக்கும் காப்பகத்துக்கும் போயின. அந்தப் பங்குனியில் ஆள்காட்டிக் குஞ்சுகள் தரையில் ஓடின. வேலி அடைபட்டுவிட்டதால் நான் கேட்டைச் சுற்றிப்போய்த்தான் பார்த்தேன்.

புதிதாகச் சேரும் தன்னார்வலர்களுக்கு இப்போதும் அந்தப் படத்தைக் காட்டுகிறார்களாம். கருப்பையாதான் விளக்கம் சொல்கிறார். தொங்குசதையைப் பற்றிய பக்கத்தை மனப்பாடமாகவே ஒப்பிக்கிறாராம்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். கட்டிலுக்கு அடியில் உருண்ட பேனாவை எடுக்க நேற்று குனிந்து தவழ்ந்தேன். சரசு அடுப்படியிலிருந்தே, ஊரிலிருந்து வந்திருந்த மகளுக்குக் குரல் கொடுத்தாள்:

"ஏடி, அது உள்ள நுழைஞ்சிருச்சு. முட்டைய எடுத்து மேல வையி. மணி என்னன்னு அதுகிட்ட மட்டும் கேக்காத."