எரவல் பந்தல்

சொந்தமாக ஓர் ஆணிகூட இல்லாமல் எதை வேண்டுமானாலும் கட்டி நிறுத்தக்கூடிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பழவேற்காட்டுப் பக்கம் லைட்ஹவுஸ் குப்பத்தில் இருந்தார். சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. ‘எரவல்’ என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். அந்த வீட்டுக் கதவும் எரவல்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தேன். குப்பத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, பந்தல் போடுவது எரவல்தான். வயிறு நிறையச் சாப்பாடு போட்டால் போதும். ஒரு வீட்டில் கழி, ஒரு வீட்டில் கயிறு, டீக்கடையில் பெஞ்சு என்று கேட்டு வாங்கி வருவார். கேட்கிற தோரணையைப் பார்த்தால் ஏதோ அவர்தான் கொடுக்க வந்திருப்பது போல இருக்கும்.

அதிலும் ஒரு கிறுக்கு உண்டு. புதுச் சாமான் கொடுத்தால் வாங்க மாட்டார். ரேடியோ ரிப்பேர்க் கடை பாய் ஒரு கல்யாணத்துக்குப் புதிதாக வந்த குழாய் ஸ்பீக்கரை ஆசையாக எடுத்து நீட்டினார்.

“பழசு எங்க பாய்?”

“அது கரகரங்குது. இத எடுத்துனு போ.”

“கரகரன்னாலும் அது என் கழியில ஒழுங்கா உக்காரும். இது உக்காருமானு யாருக்குத் தெரியும்? பழசக் குடு.”

பாய் விடவில்லை. நின்று புதியதையே கட்டவைத்தார். தாலி கட்டும் நேரத்தில் கனம் தாங்காமல் கழி சாய்ந்து, ஸ்பீக்கர் சாம்பார் அண்டாவில் இறங்கியது. அன்றைக்கு எரவல் முகத்தில் இருந்த சந்தோஷத்தை மாப்பிள்ளை முகத்தில்கூட நான் பார்க்கவில்லை.

அப்புறம் எனக்கே கல்யாண வேளை வந்தது. பெண்ணுக்கு ஊர் ஏரிக்கு அக்கரையில் தோணிரேவு. எல்லோருக்கும் சம்மதம், பெண்ணின் தாய்மாமனைத் தவிர. நான் அப்பா அம்மா இல்லாதவன், எங்கிருந்தோ பிழைக்க வந்தவன். “ஆளு அம்பு இல்லாதவனுக்கா பொண்ணு? நாளிக்கி ஒண்ணுன்னா இவனுக்கு யாரு வந்து நிப்பாங்க?” என்று கேட்டார். கல்யாணத்தன்று நேரில் பார்த்துத்தான் தலையாட்டுவாராம். அவர் தலையாட்டாமல் தாலி ஏறாது.

எரவலிடம் போய்ப் புலம்பினேன்.

“ஆளுதான? சாமான வாங்கினா பின்னாலயே ஆளு வரும். நீ சொம்மா இரு நைனா.”

வந்தார்கள். அன்று காலை பந்தல் கொள்ளாத கூட்டம். என்னைப் பார்க்க யாரும் வரவில்லை, அவரவர் சாமானைப் பார்க்க வந்திருந்தார்கள். டீக்கடைக்காரர் தன் பெஞ்சில் யார் எவ்வளவு பருமனாக உட்காருகிறார் என்று கவனித்துக்கொண்டிருந்தார். தார்ப்பாய் கொடுத்த லாரி டிரைவர் அண்ணாந்தே நின்றார். பாய் தன் பழைய ஸ்பீக்கருக்குக் கீழே சாம்பார் இல்லை என்று குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டார். தோணிரேவிலிருந்து படகில் வந்து இறங்கிய தாய்மாமன் அசந்துபோனார்.

“இவங்கல்லாம் யாரு?”

“அல்லாரும் மாப்ள வூட்டுக்காரங்கதான்,” என்றார் எரவல், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

தாய்மாமன் பாதி தலையாட்டி உட்கார, நான் தாலியைக் கையில் வாங்கினேன். அப்போது பார்த்து உள்ளே வந்தாள் கருவாடு விற்கும் கிளியம்மா.

“இது என் கூடைக் கவுறாச்சே. முனுசாமிக்கு இல்ல குடுத்தேன்? இங்க இன்னா பண்ணுது? எனக்குப் பொன்னேரி பஸ்ஸு போயிடும்,” என்று சொல்லிக்கொண்டே நடுக்கழியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

எரவல் கழியைத்தான் முனுசாமியிடம் கேட்டு வாங்கியிருந்தார். அதோடு சுற்றி வந்த கயிறு கிளியம்மாவினுடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்தக் கயிற்றை நம்பி நடுக்கழி நின்றது. நடுக்கழியை நம்பித் தார்ப்பாய், ஸ்பீக்கர், என் மானம் எல்லாம் நின்றன.

கடல்காற்றில் கழி ஆடியது. தாய்மாமன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். எரவல் ஓடிப்போய்க் கழியை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்தார். முகமெல்லாம் வியர்வை, கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. பந்தல் நின்றது.

கிளியம்மா கயிற்றைத் திரும்ப நீட்டினாள். “நான் கவுறுதான கேட்டேன், உன்ன யாரு கழியாட்டம் நிக்கச் சொன்னா? இந்தா கட்டிக்க. நான் அடுத்த பஸ்ல போறேன்.”

“கட்றதுக்குக் கையி ஏது? ரெண்டும் இங்க கீது. நீ தாலியக் கட்டு நைனா, நான் கீறேன்.”

தாய்மாமன் துண்டைத் தோளில் போட்டு உட்கார்ந்தார். “ஒருத்தன் இப்டி நிக்கிறானே, அது போதும். கட்டச் சொல்லு.”

என் மகள் இப்போது சென்னையில் வெப்சைட் செய்கிறாள். யார் யாரோ எழுதிப் பொதுவில் வைத்த புரோகிராம் துண்டுகளை எடுத்துச் சேர்த்துத்தான் கட்டுவார்களாம். பேக்கேஜ் என்று பெயர். போன வாரம் கண்காணாத தேசத்தில் யாரோ தன் சின்னத் துண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டதில் இவள் வேலை மொத்தமும் படுத்துவிட்டது. முகம் தெரியாத இன்னொருவர் தன் துண்டைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினாராம்.

“திரும்ப எடுத்துக்கிட்டவர்கிட்ட நாங்க நேரா வாங்கவே இல்லப்பா. நாங்க வாங்கினவங்க அவர்கிட்ட வாங்கியிருக்காங்க.”

“கிளியம்மா கயிறு,” என்றேன். அவள் விழித்தாள். கல்யாண போட்டோவை எடுத்துக் காட்டினேன்.

அதில் எனக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில், வாயெல்லாம் பல்லாக, கழியைக் கட்டிக்கொண்டு நிற்கிறார் எரவல். கழியும் தார்ப்பாயும் என் தோளில் கிடக்கும் பட்டுத்துண்டும் மறுநாளே உரியவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டன.

“நடுவுல இது யாருப்பா?”

“மாப்பிள்ளை வீட்டுக்காரர்,” என்றேன்.