நெஞ்சா, கூண்டா?

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மூன்று ஷிப்டும் சேர்த்து எத்தனை ஆயிரம் பேர் மூச்சு விடுகிறார்களோ, எனக்குத் தெரியாது. எப்படி விடுகிறோம் என்று தெரிந்து விட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் கூண்டு. ஆதார் அட்டையில் வேறு ஏதாவது இருந்திருக்கும். அந்த ஞானமே ஒருநாள் அவர் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

புதுவாயல் கூட்ரோட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், தொழிற்சாலைக் கொட்டகைகளுக்குத் தூண் வார்த்துக் கொடுக்கும் யார்டில் அவர் கம்பி கட்டும் மேஸ்திரி. நான் ஸ்டோர் கீப்பர். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் தூணுக்குள் நிற்கும் கம்பிக்கூட்டைக் கூண்டு என்பார்கள்; நெடுக்கே கம்பி, சுற்றிலும் ரிங், இரண்டும் சந்திக்கும் இடமெல்லாம் கட்டுக்கம்பி முறுக்கு. அதைக் கட்டிக் கட்டித்தான் அந்தப் பெயர் வந்தது என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் நினைப்பார்கள். அது பாதிதான் சரி.

மீதிப் பாதி, ஒரு மழைநாளில் அவர் வழுக்கிக் கம்பிக்கட்டின் மேல் விழுந்து, மார்புக்கூண்டின் வலப்பக்கம் இரண்டு விலா எலும்பில் விரிசல் வாங்கியதால் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவருக்கு வலியைவிடக் கோபம்தான் அதிகம்.

"கட்டு போட மாட்டானாம் சார். ரெண்டு கம்பி உட்டுப்போயி கீது, படம் எடுத்து அவனே காட்றான். நல்லா மூச்சு இழுத்து உடு, தானா கூடிக்கும்ன்றான். இன்னா கட்டடம் சார் இது?"

அந்தக் கேள்வி அவரை விடவில்லை. மூச்சுப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிப் பெண்ணைக் கேள்வி கேட்டே மூச்சுத் திணற வைத்திருக்கிறார். எக்ஸ்ரேயைக் கையோடு கொண்டுவந்து என் ஸ்டோர் ஜன்னலில், வெயில் வரும் பக்கமாக ஒட்டினார். காலை வெயிலில் என் மேசை முழுக்கக் கூண்டின் விலாக்கள் வெளிச்சமாக வந்து விழும். எலும்பு ஒளியாகவும் நடுவெளி இருளாகவும் ஒரு மனிதனுடைய மார்பு என் பேனாவுக்கும் டீ கிளாசுக்கும் மேல் மெல்ல நகர்ந்து போகும். ஹெல்மெட் கேட்டு வந்தவர்களுக்கு நான் கையுறை எடுத்துக் கொடுத்த நாட்கள் அவை.

அதன்பின் டீ நேரமெல்லாம் வகுப்பு நேரம் ஆனது.

"மொத்தம் பன்னெண்டு ஜோடி, நைனா. பின்னால எல்லாமே முதுகுத்தண்டுல மாட்டிகினு கீது. முன்னாலதான் வேலப்பாடு. மேல ஏழு ஜோடி நேரா நெஞ்செலும்பு, அதான் நடுத்தகடு, அதுல வந்து உக்காருது. நடுவுல ரப்பர் புஷ்ஷு மாதிரி குருத்தெலும்பு. அடுத்த மூணு ஜோடி, மேல கீறவன் தோள்ல கைய போட்டுகினு வந்து சேருது. கடைசி ரெண்டு ஜோடி முன்னால எதுலயும் மாட்டல. சும்மா நிக்குது, நம்ம சூப்பர்வைசரு மாதிரி."

மூச்சு இழுத்தால் நடுத்தகடு அடிபம்பின் கைப்பிடி போல முன்னே தூக்கும், பக்கத்து விலாக்கள் பக்கெட்டின் கைப்பிடி போல வெளியே ஏறும் என்பது இரண்டாம் பாடம். விலாவுக்கு விலா நடுவில் இருக்கும் சதை மூன்றாம் பாடம்.

"வெளி அடுக்கு, பேண்ட் பாக்கெட்ல கை உடறப்ப வெரல் போற சாய்வு. உள் அடுக்கு அதுக்கு எதிர் சாய்வு. கிராஸ் போட்டு கீறான்யா. எந்த இஞ்சினீரோ தெரியல, கெட்டிக்காரன்."

பத்துப் பன்னிரண்டு பேர் பாக்கெட்டில் கைவிட்டபடி கண்ணை மூடி மூச்சிழுத்து நின்றதை, தூண் பார்க்க வந்த ஒரு கம்பெனி அதிகாரி பார்த்துவிட்டார். ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து அவரும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

கிரேன் ஓட்டும் அற்புதராஜ் மட்டும் மசியவில்லை. ஆணுக்கு ஒரு விலா குறைவு, ஆண்டவர் எடுத்துத்தான் ஏவாளைச் செய்தார் என்பது அவன் கட்சி. கூண்டு அவன் சட்டையைக் கழற்றச் சொன்னார். தொண்டைக்குழியிலிருந்து விரலை இறக்கி, தகட்டில் ஒரு சின்ன மேட்டைத் தொட்டார்.

"இதுக்கு நேரா ரெண்டாவது. ஒண்ணாவது, காலர் எலும்புக்கு அடில ஒளிஞ்சுகினு கீது. இங்கருந்து எண்ணு." ஒவ்வொன்றாக இறங்கினார். இடப்பக்கம் பன்னிரண்டு, வலப்பக்கமும் பன்னிரண்டு. அற்புதராஜ் முகம் வாடிப்போனது. கூண்டுக்குப் பாவமாகிவிட்டது.

"எடுத்த எடத்துல வேற வெச்சு கட்டிக் குடுத்துருப்பாருடா. பாதி வேலையில உட்டுட்டு டீ குடிக்கப் போறதுக்கு அவரு இன்னா உன்னிய மாதிரியா?"

அன்று முதல் அற்புதராஜ் அவர் பக்கம்.

நெஞ்சு என்ற ஒரு சொல்லுக்குள் நாம் எலும்பு, சதை, இதயம், ஆசை, ஏமாற்றம் என்று எல்லாவற்றையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றுவது போல ஏற்றி வைத்திருக்கிறோம். நெஞ்சு வலி என்று எவனாவது சொன்னால் கூண்டு உடனே கேட்பார்: "நெஞ்சா, கூண்டா?" பதில் வராவிட்டால் விலாவும் தகடும் சேரும் மூட்டுகளை ஒவ்வொன்றாக அமுக்குவார். அமுக்கி வலித்தால் கூண்டு. நேற்றுத் தூக்கிய கம்பியின் வேலை. "அமுக்கியும் வலிக்கலன்னா பேசிகினு நிக்காத. வண்டிய எடு."

ஒரு வியாழக்கிழமை, காலை நாஷ்டா முடிந்த நேரம், ரிங் குவியல் மேல் அவரே உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. கை, தகட்டின் மேல்.

"கூண்டுதான் சார். நேத்து தனியா ஒரு கட்டு தூக்கினேன். பேஜாரு பண்ணுது."

"ஆஸ்பத்திரி போகலாம், மேஸ்திரி."

"நாளைக்கு ஆறு தூணு ஊத்தணும். இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா? ஊர் சிரிக்கும்."

பிடிவாதத்தில் அவர் வார்த்து ஒரு மாதம் காய்ந்த தூண். தூக்கிப்போக ஆள் போதாது. நான் அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். மேட்டைத் தேடினேன், விரலுக்குத் தட்டுப்பட்டது. ரெண்டாவது. அமுக்கினேன்.

"வலிக்குதா?"

"இல்ல."

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. அந்தப் பக்கமும் அமுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் "இல்ல" சொன்னார்; ஒவ்வொரு "இல்ல"வுக்கும் குரல் இறங்கியது. ஏழாவதோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

அற்புதராஜ்தான் மெதுவாகக் கேட்டான். "மேஸ்திரி, அமுக்கியும் வலிக்காட்டி இன்னா பண்ணணும்?"

கூண்டு தரையைப் பார்த்தார். தான் கட்டிய கூண்டுக்குள் தானே நிற்கும் மனிதனின் முகம் அது. பிறகு சொன்னார்: "வண்டிய எடு."

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தோம். அந்த நிலையிலும், சீட்டில் 'நெஞ்சு வலி' என்று எழுதிய நர்சிடம், "கூண்டு இல்லனு தனியா எழுதிக்கம்மா, டாக்டருக்கு ஒதவும்" என்றார். இதயத்தில் மூன்று அடைப்பு. பைபாஸ். டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்றார். ஏன் கொண்டுவந்தோம் என்று அற்புதராஜ் பெருமையாக விளக்கியதும் திட்டினார்: "அமுக்கினா வலிச்சாலும் உள்ள கோளாறு இருக்கலாம். இனிமே அமுக்கற வேலையே வேணாம். வலின்னா வண்டி. அவ்ளோதான்."

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த அத்தனை நாளும் யார்டில் டீ நேர வகுப்பு இல்லை. ஜன்னலில் அந்த எக்ஸ்ரே மட்டும் வழக்கம்போல் என் மேசைமேல் நகர்ந்துகொண்டிருந்தது. நான் டீ கிளாசைத் தள்ளி வைத்து அதற்கு வழிவிட்டேன்.

ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் பார்க்க விட்டார்கள். இருமும்போது நடுத்தகடு அசையாதிருக்க மார்போடு ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் புது எக்ஸ்ரே.

"சார், இத்த பாத்தியா? தகட்ட நடுவால அறுத்துட்டு, எத்த வெச்சு மூடி கீறான் பாரு. கட்டுக்கம்பி. ஏழு கட்டு. முறுக்கி, முனைய உள்பக்கமா மடிச்சு உட்டு கீறான், கைல குத்தாம. நம்ம ஆளுங்களுக்கு எத்தினி வாட்டி சொல்லிகீறேன், முனைய மடிங்கடானு. எவனாச்சும் கேட்டானா?"

அற்புதராஜ் ஏழையும் எண்ணிப் பார்த்தான். "டாக்டரு உங்க கிட்ட வேல கத்துகினாரா மேஸ்திரி?"

கூண்டு சிரித்தார். சிரிப்பு முழுதாய் வருவதற்குள் தலையணையை இறுக்கிக்கொண்டு "அம்மா" என்றார். நான் பதறிப்போய், "எங்க வலிக்குது?" என்று கேட்டேன்.

அவர் கண்ணில் நீரோடு, பெருமையாக என்னைப் பார்த்தார்.

"கூண்டுதான் சார். கூண்டு மட்டுந்தான்."

அப்போதுதான் என் விலாவின் இரண்டு பக்கமும் பக்கெட் கைப்பிடிகள் மெல்ல ஏறின. அந்த வியாழக்கிழமையிலிருந்து நான் முழுதாக மூச்சே இழுத்திருக்கவில்லை.