கண்டக்டருக்கு நான் உதவிய கதை

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். அங்கே உன் நலத்தையும், மாப்பிள்ளையின் இடது முழங்கால் நலத்தையும், வாங்கி வந்த அன்றே நின்றுபோன உங்கள் துணி துவைக்கும் மெஷினின் நலத்தையும் அறிய ஆவல். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீ என்னைப் பேச விட்டால்தானே. முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரையெல்லாம் பேச வைத்தவன், சொந்தத் தங்கையிடம் ஒரு வாக்கியத்தை முடிக்கத் தபால் தலை வாங்க வேண்டியிருக்கிறது.

உன் அண்ணி போனதிலிருந்து "தனியாக் கிடக்காதண்ணே, எங்களோட வந்துடு" என்று வாரம் தவறாமல் சொல்கிறாய். நான் தனியாக இல்லை என்று உனக்குக் காட்டுவதற்காகவே, ஆறு மாதம் முன்பு, முதியோருக்கும் கஷ்டப்படும் குடும்பங்களுக்கும் கைகொடுக்கும் சங்கம் ஒன்றில் போய்ச் சேர்ந்தேன். உதவி வாங்க இல்லை, உதவி செய்ய. ஒரு பழைய அச்சகத்தின் கீழ்த்தளத்தில் ஆபீஸ். ஒரு பக்கம் மளிகைப் பைகள், மறுபக்கம் யாரோ கொடுத்துவிட்டுப் போன சக்கர நாற்காலிகள், நடுவில் ஒரு மேசை. மேசையில் இருந்த அம்மாள் கழுத்தில் ஒரு கண்ணாடியும் தலையில் ஒரு கண்ணாடியும் வைத்துக்கொண்டு மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்தாள். படிவத்தை வாங்கிக்கொண்டு ஒரு விலாசம் கொடுத்தாள். தனியாக இருக்கும் பெரியவர், வாரம் ஒரு தடவை போய்ப் பேசிவிட்டு, அவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு தாளில் எழுதித் தரவேண்டும். செவ்வாய்க்கிழமை போனேன். கதவைத் திறந்தவர் வாசலை விட்டு நகராமல், "உள்ள வாங்க, முன்னாடி இடம் இருக்கு, முன்னாடி போங்க" என்றார். உள்ளே இருந்ததே ஒரு நாற்காலிதான். ரிடையரான பஸ் கண்டக்டர். மனைவி இல்லை, மகன் தூரதேசம். பாவமாக இருந்தது. கிளம்பும்போது, வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்றார். நன்றிக்காகச் சொல்கிறார் என்று நினைத்து, நானும் பெரிய மனது பண்ணிச் சரி என்றேன். அன்று தாளில் எழுதினேன்: "படியில் நிற்பவரைக் கண்டால் இன்றும் கோபப்படுகிறார். சொன்னதையே திரும்பச் சொல்கிறார். அன்போடு நடத்த வேண்டும்."

மூன்றாவது வெள்ளிக்கிழமை நடந்ததை நீ உட்கார்ந்துகொண்டு படி. உள்ளறையில் பல்பு போய்விட்டது. நான் ஸ்டூலில் ஏற, அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் சுவரில் இருந்த உன் அண்ணி படத்தைப் பார்த்துவிட்டு, இந்த அம்மா என் வண்டியில் வருவார்களே என்றார். இருக்கும், ஊரில் பாதிப் பேர் உங்கள் வண்டியில்தானே வந்தார்கள் என்றேன். அவர் விடவில்லை.

"சாயங்காலம் ஆறு இருபது வண்டி சார். இந்தத் தெரு ஸ்டாப் முன்னாடியே வந்துடும், இறங்க மாட்டாங்க. எக்ஸ்சேஞ்ச் ஸ்டாப் வரைக்கும் வருவாங்க. இறங்கி ரெண்டாவது மாடி ஜன்னலை ஒரு பார்வை பார்ப்பாங்க. அப்புறம் எதிர்ப்பக்கம் வண்டி புடிச்சுத் திரும்பிடுவாங்க. ஒரு நாள் கேட்டே கேட்டுட்டேன். 'லைட் எரியுது, இருக்கார்'னாங்க. அவ்வளவுதான்."

தங்கச்சி, உனக்குத் தெரியும், வீட்டுக்குள் நுழைந்ததும் உன் அண்ணி என்னைக் கேட்ட முதல் கேள்வி எப்போதும் "செருப்பை எங்க விட்டீங்க?" என்பதுதான். இதை ஒரு நாளும் சொன்னதில்லை. நான் அந்த ஜன்னலுக்குப் பின்னால் காதில் கருவியை மாட்டிக்கொண்டு யார் யாருக்கோ லைன் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன், ஒரு தடவைகூடக் கீழே எட்டிப் பார்க்கவில்லை. பல்பும் கையுமாக நின்று அழுதேன். எழுபத்து நாலு வயதில் ஸ்டூல் மேல் நின்று அழுவது ஆபத்து. அவர் கடைசி வரைக்கும் ஸ்டூலை விடவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் கேட்பேன், அவர் அந்த ஆறு இருபது வண்டியை முதலிலிருந்து கிளப்புவார். சொன்னதையே திரும்பச் சொல்கிறார் என்பதைத் தாளில் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

வினை போன வெள்ளிக்கிழமை வந்தது. அவர் போனபிறகு நாற்காலியில் டிக்கெட் மாதிரி நீளவாக்கில் மடித்த ஒரு தாள் கிடந்தது. அதே சங்கத்தின் தாள். மேலே என் பெயர். "மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பேச்சை நிறுத்தி, 'தொடரலாமா?' என்று கேட்கிறார். வெளியூர் டிரங்க் காலுக்கு மூன்று நிமிடக் கணக்குப் பார்த்த பழக்கம். பொறுமையோடு நடத்த வேண்டும். முன்னேற்றம் தெரிகிறது." எனக்கு முன்னேற்றமாம்! மறுநாள் காலை ஆபீசுக்குப் போனால், தாளைத் தேடிக்கொண்டு அவரும் அங்கே நிற்கிறார். விசாரித்ததில், அந்த அம்மாள் எங்கள் படிவத்தைப் பார்த்து உதவி செய்வோர் நோட்டிலும், எங்கள் தலை நரையைப் பார்த்து உதவி தேவைப்படுவோர் நோட்டிலும் இரண்டு பேரையும் எழுதி, ஒருவர் விலாசத்தை மற்றவருக்குக் கொடுத்திருக்கிறாள். ஆறு மாதமாக அவருக்கு நான் சேவை செய்ய, எனக்கு அவர் சேவை செய்துகொண்டிருந்திருக்கிறார். சங்கத்து விதிப்படி ஒருவர் ஒரு நோட்டில்தான் இருக்கலாமாம். எங்களில் ஒருவர் "உதவி தேவை" என்று கையெழுத்துப் போட்டால் இப்படியே தொடரலாம், இல்லையென்றால் வரும் செவ்வாய் முதல் இரண்டு பேருக்கும் வேறு வேறு ஆள், வேறு வேறு பேட்டை.

நான் போட மாட்டேன் என்றேன். ஓடுகிற வண்டியில் பிடிமானம் இல்லாமல் நின்றவன் நான், எனக்கு எதற்கு உதவி என்றார் அவர். தெருவின் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக வீடு வந்து சேர்ந்தோம். சங்கம் இல்லாமலே போய்ப் பார்க்க வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். சும்மா எப்படிப் போவது? உதவி செய்யப் போகிறேன் என்றால் கௌரவம். சும்மா போய் நின்றால், எனக்கு ஆள் வேண்டியிருக்கிறது என்றல்லவா ஆகிவிடும்? ஆகவே கண்டக்டர் விவகாரம் முடிந்தது. எனக்கு யார் துணையும் தேவையில்லை, நான் மிகவும் சந்தோஷமாக இருக்கிறேன், நீ இனிமேல் அந்தப் பேச்சை எடுக்காதே.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, முழங்காலுக்குத் தைலம் தனியாக அனுப்புகிறேன். நீங்கள் எல்லோரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அண்ணன்

பி.கு.: இதைத் தபாலில் போடத் திங்கட்கிழமை கிளம்பியவன், கால் போன போக்கில் சங்கத்து ஆபீசுக்குள் போய், உதவி தேவை என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்த அம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டு இன்னொரு தாளைக் காட்டினாள். கண்டக்டர் காலையில் ஆபீஸ் திறக்கும் முன்னாலேயே வந்து காத்திருந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். செவ்வாய்க்கிழமை அவர் உதவி தேவைப்படுபவர், வெள்ளிக்கிழமை நான். மற்ற ஐந்து நாளும் நாங்கள் இரண்டு பேரும் சௌக்கியம். நெருங்கிய உறவு என்று உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். உங்கள் அண்ணனுக்குத் துணை தேவையா என்று கேட்டு போன் வந்தால், அன்றைக்கு என்ன கிழமை என்று பார்த்துக்கொண்டு பதில் சொல்.