ஆயிரம் வருஷ உத்தரவாதம்

எங்கள் வீட்டு ஹார்டு டிஸ்க் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் விக்க ஆரம்பித்தது. டிக், டிக் என்று இரண்டு விக்கல். பிறகு ஒரு பெருமூச்சு. மறுபடி இரண்டு விக்கல். என் மனைவி காபித் தம்ளரோடு மேஜைப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"என்னங்க இது, போயிடுமா?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதுதான் என் உத்தியோகம். மிக்ஸி, மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் நான் ஆயுள் சோதனைப் பிரிவின் மேற்பார்வையாளன். மிக்ஸியை ஐந்து நிமிஷம் ஓடவிடுவேன், பத்து நிமிஷம் ஓய்வு கொடுப்பேன், மறுபடி ஓடவிடுவேன். அது உயிரை விடும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து நேரத்தைக் குறித்துக்கொள்வேன். இத்தனை வருஷம் உழைக்கும் என்று அட்டைப்பெட்டியில் அச்சடிக்கிறார்களே, அதற்கு ஆதாரமான காகிதத்தில் இருப்பது என் கையெழுத்து. தொழிற்சாலையில் என்னைச் சித்திரகுப்தன் என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். அந்த அளவுக்கு மரியாதை உண்டு.

டிஸ்க்கின்மேல் காதை வைத்துக் கேட்டேன். வைத்தியர் முகத்தை வரவழைத்துக்கொண்டு, இன்னும் ஒரு மாதம் தாங்கினால் பெரிது என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. இருபத்திரண்டு வருஷக் குடும்பம் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது. மகள் தவழ்ந்தது, பல் விழுந்தது, பட்டம் வாங்கியது எல்லாம். என் முகமும் வாடியதுபோல்தான் இருந்திருக்கும். ஆனால் உள்ளே பளிச்சென்று ஒரு விளக்கு எரிந்தது. காரணத்தைச் சொல்கிறேன், உங்களோடு இருக்கட்டும்.

அந்த டிஸ்க்கில் ஒரு வீடியோ இருந்தது. நீளம் ஒரு நிமிஷம் நாற்பது விநாடி. பத்து வருஷத்துக்கு முன் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று எடுத்தது. அப்போது எங்கள் தொழிற்சாலை பிளாஸ்டிக் நாற்காலியும் செய்து பார்த்துக்கொண்டிருந்தது. வந்திருந்த உறவினர்களுக்கு நடுவே புது நாற்காலி ஒன்றை வைத்து, இது இருபது வருஷம் தாங்கும், சோதித்தவனே சொல்கிறேன் என்று சின்னதாக ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். ஆற்றியதோடு நிறுத்தியிருக்கலாம். ஏறி நின்று காட்டினேன். நின்றதோடாவது நிறுத்தியிருக்கலாம். ஒரு குதி குதித்தேன்.

இருபது வருஷமும் நாலு விநாடியில் முடிந்துபோயிற்று. இருக்கை பிளந்து நான் உள்ளே இறங்க, அது என் இடுப்பைக் கவ்விக்கொண்டது. நாற்காலியின் கால்களில் ஒன்று முறிந்தது போக மூன்று, என்னுடையது இரண்டு, ஆக ஐந்து கால்களோடு கூடம் முழுக்க நடந்தேன். என்னைக் கழற்ற மூன்று பேர் வந்தார்கள். மச்சினன் வரவில்லை. அவன் படம் பிடிப்பதில் மும்முரமாக இருந்தான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் மனைவி மாதம் ஒருமுறையாவது அந்த வீடியோவைத் தனியாக உட்கார்ந்து போட்டுப் பார்ப்பாள். எதற்கு என்று கேட்டால் சும்மா என்பாள். கட்டின புருஷனைக் கேலி செய்ய ஒருத்திக்கு இவ்வளவு ஆசையா என்று நான் மனசுக்குள் பொருமுவேன். பொருமல் மனசுக்குள் மட்டும்தான். வெளியே விடுகிற வழக்கம் எனக்கு இல்லை.

இப்போது அவசரம் என்னவென்றால், மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அடுத்த மாதம் சம்பந்திகள் வீட்டுக்கு வருகிறார்கள். சம்பந்தி பாலம் கட்டுகிற பொறியாளர். எது எவ்வளவு பாரம் தாங்கும் என்பது அவருக்குத் தெரியும். மகளின் சின்ன வயசுப் படங்களையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சம்பந்தியம்மா ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்.

எனவே தீர்மானித்தேன். குடும்பத்தின் எல்லா நினைவுகளையும் சாகாவரம் பெற்ற ஒரு புது டிஸ்க்குக்கு மாற்றுவேன். அந்த ஒன்றைத் தவிர. பழைய டிஸ்க் தன் விதிப்படி கண்ணை மூடும். நான் கைவைக்கவே வேண்டாம். இது கொலையில் சேராது, இயற்கை மரணம்.

டிவிடி மாதிரி வட்டமான மூன்று டிஸ்க் கொண்ட பெட்டி ஒன்றும், அதில் எழுதுகிற கருவியும் வரவழைத்தேன். அன்று மாலை மனைவியை உட்கார வைத்து விளக்கினேன். சாதாரண டிஸ்க்கில் இருப்பது சாயம், நாளானால் வெளுத்துப்போகும். இதில் கல் மாதிரி ஒரு படலம், அதில் சூட்டால் குழி குழியாகப் பொறித்துவிடுகிறார்கள். வெயிலோ ஈரமோ ஒன்றும் செய்யாது. செய்தவர்கள் ஆயிரம் வருஷம் என்கிறார்கள்.

ஆயிரம் வருஷம் யார் உட்கார்ந்து பார்த்தார்கள் என்று கேட்டாள். எனக்குப் பிடித்த கேள்வி. சூடும் ஈரமும் நிறைந்த பெட்டிக்குள் சில வாரம் அடைத்து வதைத்து, அதில் எவ்வளவு கெடுகிறது என்று பார்த்து, அதைப் பெருக்கிக் கணக்குப் போடுவார்கள் என்றேன்.

"நாற்காலிக்கும் அப்படித்தான் கணக்குப் போட்டீங்களா?"

காதில் விழாததுபோல் மேலே போனேன். "முக்கியமான விஷயம். ஒரு தடவை எழுதினா எழுதினதுதான். அழிக்கவும் முடியாது, மாத்தவும் முடியாது. தலையெழுத்து மாதிரி."

அவள் யோசித்தாள். அவள் யோசித்தால் எனக்கு வேலை கூடும். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளின் பதிவேட்டு அறை அவள் பொறுப்பில் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முந்தைய எக்ஸ்ரே வேண்டுமென்றாலும் மூன்று நிமிஷத்தில் எடுத்து நீட்டிவிடுவாள். பொருள்கள் எப்போது சாகும் என்று காத்திருப்பது என் பிழைப்பு, எதையும் சாகவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் பிழைப்பு. இந்த வித்தியாசத்தின் ஆழத்தை நான் அன்றைக்கே அளந்திருக்க வேண்டும்.

அழிக்க முடியாது என்றால் எழுதுவதற்கு முன் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அவர்கள் ஆஸ்பத்திரியில் ஒருவர் எடுத்துவைத்ததை இன்னொருவர் எண்ணிப் பார்த்த பிறகுதான் பெட்டியைப் பூட்டுவார்களாம். பழையதில் எத்தனை, புதியதில் எத்தனை, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அவள் தன் நோட்டில் குறித்துவைத்திருந்த எண் நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு.

சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து கம்ப்யூட்டரில் புதிய தொகுப்பைத் தயார் செய்தேன். நாற்காலியை நீக்கினேன். நாலாயிரத்து முந்நூற்றுப் பதினைந்து. ஒன்று குறைகிறது. இங்கேதான் சித்திரகுப்தனின் மூளை வேலை செய்தது. குழாய் ரிப்பேர்காரருக்கு அனுப்புவதற்காகச் சமையலறைக் குழாய் ஒழுகுவதை எப்போதோ ஒரு படம் எடுத்திருந்தேன். அதையே இன்னொரு பிரதி எடுத்து, வேறு பெயர் வைத்துச் சேர்த்தேன். பதினாறு ஆகிவிட்டது. என் முதுகை நானே தட்டிக்கொள்ளப் பார்த்தேன், கை எட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சரிபார்க்க உட்கார்ந்த நேரத்தில் தொழிற்சாலையிலிருந்து போன். சோதனை அறையில் ஒரு மிக்ஸி புகைகிறதாம், நான் வந்து பார்க்காமல் யாரும் அதன் மரணத்தைப் பதிவு செய்ய முடியாதாம். எண்ணிக்கை சரியாக இருந்தால் எழுதுவதற்கான பொத்தானை அழுத்திவிடும்படி சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவள் கையாலேயே அழுத்தட்டுமே, நாளைக்கு என்மேல் பழி வராது என்று ஒரு குரூர சந்தோஷம் வேறு.

மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பினேன். மூன்று டிஸ்க்கிலும் அதே தொகுப்பை எழுதி, உறை போட்டு, மேலே தேதி போட்டிருந்தாள். எண்ணிக்கை சரியாக இருந்ததா என்று கேட்டேன். சரியாகவே இருந்தது என்றாள். பதினைந்தாம் நாள் பழைய ஹார்டு டிஸ்க் கடைசி விக்கலை விக்கி அடங்கியது. நான் இரண்டு நிமிஷம் மௌனமாக நின்றேன். வாய் சிரித்துவிடாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சம்பந்திகள் வந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் மகள் டிஸ்க்கைப் போட்டாள். தொட்டில் வந்தது, முதல் பிறந்தநாள் வந்தது, சைக்கிள் வந்தது. சம்பந்தியம்மா ஒவ்வொன்றுக்கும் உருகினார். நான் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, ஆயிரம் வருஷ டிஸ்க்கின் மகிமையைச் சம்பந்திக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவரும் மரியாதையாகத் தலையாட்டினார்.

"இது இருபது வருஷம் தாங்கும்" என்றது ஒரு குரல். எனக்கு மிகவும் பழக்கமான குரல்.

திரையில் நான் நாற்காலிமேல் நின்றுகொண்டிருந்தேன். அடுத்து என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று சமையலறைக்கு ஓடினேன். அங்கே என் மனைவி பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் கூடமே வெடித்தது. பாலம் கட்டுகிறவர் சிரிப்பு தனியாகக் கேட்டது.

அது எப்படி அதில் வந்தது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"நீங்க குடுத்த எண்ணிக்கை சரியாத்தான் இருந்துச்சு. ஆனா நம்ம குழாய் ரெண்டு தடவை ஒழுகுச்சு. ஒண்ண எடுத்துட்டு இதப் போட்டேன்."

அழிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. சொன்னவன் நான்தான். மற்ற இரண்டு டிஸ்க்கும் எங்கே என்று கேட்டேன். மூன்றையும் ஒரே கட்டடத்தில் வைக்கக் கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி என்றாள். ஒன்று அவள் அலுவலகப் பீரோவில், இன்னொன்று மச்சினன் வீட்டில். ஒரு மனுஷனைக் கேவலப்படுத்த ஆயிரம் வருஷம் வேண்டுமா என்று கேட்டேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் உங்களப் பாக்கறதுக்காகவா அத மாசாமாசம் போட்டுப் பாக்கறேன்? எங்கப்பா சிரிச்சது மொத்தமே அந்த ஒரு தடவைதாங்க. வேற எதுலயும் இல்ல. கடைசி வரைக்கும் இருந்து பாத்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

என் மாமனார் வாழ்நாள் முழுக்கப் பரீட்சை அறைகளில் மேற்பார்வை பார்த்தவர். வீட்டிலும் அதே முகம். கல்யாணப் படத்தில்கூட, நான் பக்கத்து இலைக்காரனைப் பார்த்து எழுதுகிறேனா என்று கவனிப்பதுபோலத்தான் நிற்பார். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. அந்த மனிதர் சிரித்தாரா?

கூடத்துக்குத் திரும்பினேன். சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னொரு தடவை போடச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் என்னைப் பார்த்தாள். போடும்மா என்றேன். மனைவியும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நான் குதித்தேன், மாட்டினேன், ஐந்து கால்களோடு நடந்தேன், கழற்றப்பட்டேன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளறைக்கு ஓடினேன். இதற்குமேல் நான் பார்த்ததில்லை. கேமரா அப்படியே சுவரோரமாகத் திரும்பியது. அங்கே மாமனார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு எண்ணெய் போடாத கதவு திறப்பதுபோல ஒரு சத்தம். பிறகு முழுசாக, வாய் திறந்து, சுவரில் கையை ஊன்றிக்கொண்டு மனுஷன் சிரிக்கிறார். என் மனைவி என் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு நாற்காலி உடைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. இருக்கட்டும், ஆயிரம் வருஷமும் இருக்கட்டும் என்று பெருந்தன்மையாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

திரையில் மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேமராவுக்குப் பின்னால் மச்சினனோடு நின்ற தன் மகளை, அதாவது என் மனைவியைக் கேட்டார். ஒலிப்பதிவு மிகத் தெளிவு.

"ஏம்மா, மாப்பிள்ளைக்கு வாரண்டி எத்தனை வருஷம்?"

"அது எப்பவோ முடிஞ்சுபோச்சுப்பா. இப்பத் திருப்பிக் குடுத்தாலும் எடுத்துக்க மாட்டாங்க."