வீட்டைத் தூக்கிய விவகாரம்

சூலூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மைத்துனர் கோபாலசாமி அவர்களுக்கு அரங்கசாமி எழுதுவது. நானும் உங்கள் அக்கா பங்காரம்மாவும் நலம். பொள்ளாச்சியில் நீங்களும் தங்கச்சியும் தென்னை மரங்களும் நலமென்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் உங்கள் அக்கா பாதியில் போனை வாங்கிக் கதையை வேறு மாதிரி முடித்துவிடுகிறாள். அதனால் கடிதம்.

வீட்டை விற்றுவிட்டு உங்கள் பக்கம் வந்துவிடச் சொல்லி ஒரு புரோக்கரை அனுப்பினீர்கள். நல்ல மனுஷர். எங்கள் தெருவுக்கு ரோடு போடுகிறவர்கள் பழைய ரோட்டைத் தோண்டுவதில்லை, அதன் மேலேயே புதிதாக ஊற்றிவிட்டுப் போவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ரோடு வளர்ந்துகொண்டே வந்தது, வீடு கட்டிய இடத்திலேயே நின்றது. முன்பு படியேறி வந்த வீட்டுக்குள் இப்போது இறங்கி வர வேண்டும். புரோக்கர் ரோட்டில் நின்றபடியே எங்கள் ஜன்னலைக் குனிந்து பார்த்து, "ஏனுங்க, ஊடு அண்டர்கிரவுண்டுங்களா?" என்று கேட்டார். போன மழையில் தெருத் தண்ணீரோடு பக்கத்து வீட்டு அழகிரிசாமியின் செருப்பு ஒன்று மிதந்து வந்து எங்கள் சோபா அருகில் ஒதுங்கியது. அவர் வந்து எடுத்துக்கொண்டு, "இதோட ஜோடியும் வந்தா சொல்லியுடுங்க" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

"விக்கறதுன்னா என்னையும் சேத்து வித்துப்போடுங்க" என்று பங்காரம்மா சொல்லிவிட்டதால், வீட்டைத் தூக்கிவிடுவது என்று தீர்மானித்தேன். வீடு தூக்கும் தொழில் செய்கிற பாலுசாமி வந்தார். சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கி வைத்து, விசில் அடித்ததும் எல்லா ஆட்களும் ஒரே சமயத்தில் ஒரு சுற்றுச் சுற்றினால் வீடு நூல் நூலாக மேலே வருமாம். "உள்ளேயே இருக்கலாமுங்க, டம்ளர் தண்ணி கூட அலுங்காது" என்றார். உங்கள் அக்கா அதை அப்படியே நம்பி உள்ளேயே சமைத்துக்கொண்டிருந்தாள். நான் தைரியசாலியாக எதிர்ப்புறம் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை செய்தேன். திடீரென்று குக்கர் விசில் அடித்தது. சமையலறைப் பக்கம் இருந்த ஆட்கள் மட்டும் ஆளுக்கொரு சுற்றுச் சுற்றிவிட்டார்கள். வீடு ஒருபக்கமாகச் சாய்ந்து முறைத்துப் பார்த்தது. பாலுசாமி ஓடிவந்து, "அம்மணி, வேலை முடியற வரைக்கும் குக்கர் வெக்காதீங்க" என்று கும்பிட்டார். "பருப்பு வேகோணுமல்லங்க? நீங்க வேணா மணி அடிச்சுக்கோங்க" என்றாள் உங்கள் அக்கா. அப்புறம் மணி அடித்துத்தான் வீடு ஏறியது. தெருவில் போனவர்கள் ஏதோ பூஜை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

வீடு மூன்றடி உயர்ந்தது. அடுத்த மழைத் தண்ணீர் எங்கள் வாசல்வரை வந்து, ஏற முடியாமல் நேராக அழகிரிசாமி வீட்டுக்குள் போய்விட்டது. அன்றைக்குத்தான் அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். முழங்கால் தண்ணீரில் நின்றபடி, "உங்கூட்டைத் தூக்கி என்னைய முழுகடிச்சுப்போட்டீங்களேங்க!" என்றார். அவ்வளவு கோபத்திலும் 'ங்க' மட்டும் நனையவில்லை. பங்காரம்மாதான் மேலிருந்து, "அண்ணா, புள்ளையக் கூட்டிட்டு இங்க வாங்க. இங்கியே பாத்துட்டுப் போகட்டும்" என்று கூப்பிட்டாள். பெண், பலகாரம், ஜமக்காளம் எல்லாம் எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தன. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்த்தார்கள், வீட்டின் உயரத்தையும் பார்த்தார்கள், சம்மதம் சொல்லிவிட்டார்கள். இது யார் வீடு என்று அவர்கள் கேட்கவில்லை. அழகிரிசாமியும் சொல்லவில்லை. பெண் கண்கலங்கச் சிரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபின் எனக்கும் சொல்ல மனம் வரவில்லை.

அதிலிருந்து சம்பந்திகள் "வாரோமுங்க" என்று போன் செய்தால் அழகிரிசாமி குடும்பம் எங்கள் ஹாலில் வந்து உட்கார்ந்துகொள்ளும், நான் வெளியே போய் நிற்பேன். நேற்று சம்பந்தி என்னைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்றார். "பக்கத்து ஊடுங்க" என்றேன். "உங்கூடு பாவம், ரொம்பப் பள்ளத்துல இருக்குதுங்க" என்று வருத்தப்பட்டார். நானும் வருத்தப்பட்டேன்.

போகட்டும். மழைக்குப் பயப்படாமல் தூங்குகிறோம். இனி விற்கிற பேச்சுக்கே இடமில்லை என்று புரோக்கரிடம் பக்குவமாகச் சொல்லிவிடவும். தங்கச்சிக்கு எங்கள் அன்பு. குழந்தைகள் படிப்பும் ஆயுளும் பெருகி நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு, உயர்ந்த நிலையில் உள்ள உங்கள் மச்சான்,
அரங்கசாமி.

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் தெருவில் பெரும் சத்தம். ரோடு போடுகிறவர்கள் இந்த முறை மிஷின் கொண்டுவந்து பழைய ரோட்டையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டார்கள். ரோடு பழையபடி கீழே போய்விட்டது. அழகிரிசாமி வீடு அளவான உயரத்தில் அம்சமாக நிற்கிறது. சம்பந்திகளிடம் அவர் "ரெண்டு ஊடும் நம்முளுதுதானுங்க" என்று சொல்லிவிட்டாராம். என் ஸ்கூட்டர் போர்டிகோவிலேயே நிற்கிறது, இறக்க வழியில்லை. நானும் அப்படியே. புரோக்கர் நம்பரை உடனே அனுப்பவும். அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.

தம்பி கண்ணு, இவுரு ஒட்டச் சொல்லி எங்கிட்டத்தான் குடுத்தாரு. நம்பர் கிம்பர் அனுப்பிப்போடாத. காத்து நல்லா வருது, தெருவே தெரியுது. நீ வாரப்ப ஏணி ஒண்ணு எடுத்துட்டு வா. – அக்கா