கிழிச்சல் அக்காவும் கறுப்பு பார்டரும்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வாலாஜாபாத் வரைக்கும் கிழிச்சல் அக்கா கிழிக்காத காகிதம் கிடையாது. பஸ் டிக்கெட், காலண்டர் தாள், பிஸ்கட் பாக்கெட், ஒருமுறை தன் சொந்தக் கல்யாணப் பத்திரிகை. கையில் எது கிடைத்தாலும் முதலில் நீளவாக்கில் கிழிப்பார். பிறகுதான் படிப்பார்.

எங்கள் விதைநெல் கம்பெனியில் தபால் அனுப்புவது அவர் வேலை. நான் பிள்ளை பெற்று ஒரு வருஷம் கழித்து அங்கே சேர்ந்தேன். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். மணிக்கு ஒருமுறை வீட்டுக்குப் போன் செய்து, பாப்பா தூங்குகிறாளா என்று மாமியாரிடம் கேட்பேன். தூங்குகிறாள் என்றால், "மூச்சு வருதான்னு பாத்தீங்களா அத்தை?" என்பேன்.

விதைநெல் விளைவித்துத் தரும் விவசாயிகளுக்கு எங்கள் முதலாளி செக்காகத்தான் தருவார். கையெழுத்துப் போட்டால்தான் கொடுத்த திருப்தி அவருக்கு. நானூறு செக்கை மடித்து, கவரில் போட்டு ஒட்டுவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். அதனால் தானே ஒட்டிக்கொள்ளும் படிவம் வாங்க முடிவானது. ஒரே தாள். அதிலேயே செக்கை அச்சடித்து, மடித்து, மெஷினில் விட்டால் ஓரத்துப் பசை அழுந்தி ஒட்டிக்கொள்ளும். கவரே வேண்டாம். வாங்குகிறவர் ஓரத்தைக் கிழித்துப் பிரித்தால் போதும். சென்னையிலிருந்து மூன்று வகை மாதிரிகள் வந்தன.

"நீயே ஒண்ணு செலக்ட் பண்ணும்மா. தப்பாச்சுன்னா நீதான் பொறுப்பு" என்றார் முதலாளி.

அன்று மூன்று முறை அதிகமாக வீட்டுக்குப் போன் செய்தேன்.

"கொடு மே இப்டி" என்று அக்கா கட்டுகளை வாங்கிக்கொண்டார். முதல் வகையைத் தகரக் கொட்டகை மேல் மத்தியானம் முழுக்கக் காயப்போட்டார். "வாயப் பொளந்துக்கினு கீது பாரு. போஸ்ட்மேன் பையி இதவிட சூடா இருக்கும்."

இரண்டாவதின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, எழுந்து கிழித்தார். உள்ளே இருந்த மாதிரி செக்கும் சேர்ந்து இரண்டாகியது. "இது ஒட்டல மே. கல்யாணம் கட்டிக்கிச்சு."

மூன்றாவது வெயிலுக்கும் மசியவில்லை, தண்ணீர் வாளிக்கும் மசியவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. எங்கே கிழிக்க வேண்டும் என்று காட்ட நான்கு பக்கமும் அழகான கறுப்பு பார்டர். எனக்கு உயிர் வந்தது. ஆர்டர் கடிதம் அடித்து, முதலாளி வெளியூர் கிளம்புமுன் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

"நாளிக்கு அனுப்பு" என்றார் அக்கா. "இதுல நாலு எங்க தெருவுக்கு நேத்தே போஸ்ட் பண்ணிக்கீறேன். போய்ச் சேரட்டும்."

"சார் இன்னிக்கே அனுப்பச் சொன்னார்க்கா."

அக்கா கடிதத்தை வாங்கினார். நீளவாக்கில் கிழித்தார்.

நான் பாத்ரூமில் போய் அழுதேன். ராஜினாமாக் கடிதத்தை மனசுக்குள் இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். இரண்டுமே சரியாக வரவில்லை.

மறுநாள் அக்கா அரை மணி தாமதமாக வந்து, என் மேஜையில் ஒரு கை காகிதத் துண்டுகளைக் கொட்டினார். மானாம்பதியில் அவர் தெருவுக்குப் போன நான்கு படிவங்களும் அவைதான்.

"ஒருத்தரும் வூட்டுக்குள்ள எடுத்துக்கினு போவல மே. கறுப்பு பார்டரப் பாத்துட்டு கருமாதிப் பத்திரிகைன்னுட்டாங்க."

எங்கள் பக்கத்தில் கருமாதிப் பத்திரிகை வாசல் தாண்டாது. வெளியே நின்று படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட வேண்டும்.

"எங்க நாத்தனா தெருவுலயே உக்காந்து ஒப்பாரி வெச்சிட்டா. யாரு பூட்டாங்கடின்னு கேட்டா, 'தெர்லியே, படிக்காமயே கிழிச்சிட்டேனே'ன்னு அதுக்கும் சேத்து அழுவுறா. நாலு வூட்லயும் தல முழுவிட்டு உக்காந்துக்கினு கீறாங்க."

நானூறு வாசலில் நானூறு செக் கிழிபடுவது என் கண்ணில் ஓடியது. நானும் இந்த ஊரில் பிறந்தவள்தான். பசையையே பார்த்த கண்ணுக்குப் பார்டர் தெரியவில்லை.

"இத ஏன்க்கா முன்னாடியே சொல்லல?"

"எனக்கு மட்டும் இன்னா தெரியும்? அதான் போஸ்ட் பண்ணேன்."

வெளியூரிலிருந்து திரும்பிய முதலாளி துண்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் பார்டரை மட்டும் மஞ்சளில் போடச் சொல்லி ஆர்டர் கொடுக்கச் சொன்னார். நானூறும் போய்ச் சேர்ந்தன. சில வீடுகளில் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் பிரித்தார்களாம்.

ஆறு மாதம் முடிந்த அன்று எனக்கொரு கடிதம் வந்தது, அதே படிவத்தில், மெஷினில் ஒட்டி. முதலாளி அறையிலிருந்து அக்காதான் கொண்டுவந்தார். நான்கு மூலையிலும் ஈர மஞ்சள். ஒரு மூலையில் அவர் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

"உள்ள இன்னா இருக்குன்னு தெரியுமாக்கா?"

"தெரியாது மே. பிரி."

நிரந்தரம் என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் கையில் கிடைத்த ஒரு காகிதத்தைக் கிழித்துப் பார்க்காமல் அக்கா இன்னொருவரிடம் கொடுத்து நான் பார்த்தது அந்த ஒன்றைத்தான்.